ராசா சொல்லாமல் விடும் சொல்

உன் கிரீடம் இப்போது என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை உன் மகள் மெர்சி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். அட்டை அப்படியே இருக்கிறது. ஜிகினாவும் பாதிக்கு மேல் பிழைத்திருக்கிறது. உள்ளே வைத்துத் தைத்த சிவப்புத் துணிதான் நைந்துவிட்டது. "அப்பா தலை பெருசு மாமா, எனக்குக் காது வரைக்கும் எறங்குது. கொஞ்சம் புடிச்சுத் தச்சுக் குடுங்க" என்றாள். துணியைப் பிரிக்கலாம் என்று கவிழ்த்தேன். அரிதாரமும் தேங்காயெண்ணெயும் கலந்த அந்த வாசனை குப்பென்று வந்தது. இத்தனை வருஷம் பரணில் கிடந்தும் போகவில்லை. துணியின் ஓரத்தில் உன் வேர்வை காய்ந்த வெள்ளைக் கோடு ஒன்று வட்டமாக ஓடுகிறது. நாக்கில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. ஆனால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். இன்று ஞாயிறு மதியம் வரை கிரீடம் வைத்த இடத்திலேயே கிடக்கிறது.

சாயங்காலம் மாதா கோயில் திடலில் நாடகம். நீ போன பிறகு மேடை ஏறாத அதே ராசா நாடகம். ராசா வேஷம் உன் மகளுக்கு. எனக்கு வழக்கமான வேலைதான். பிரதியை மடியில் வைத்துக்கொண்டு திரை ஓரத்தில் உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுக்க வேண்டும். கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பந்தல் வேலையைப் பார்க்க வேண்டியவன் இங்கே உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். காலையிலிருந்து காற்று நின்றுபோயிருக்கிறது. கடல் பக்கமிருந்து ஒரு மூச்சுக்கூட வரவில்லை. மரக்காணத்துக்குக் கோடை மழை எந்தப் பக்கமிருந்து வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே பெருமுக்கல் மலைப் பக்கம் பார்க்கக் கூடாது என்றுதான் இருக்கிறேன். பார்த்துக்கொண்டும் இருக்கிறேன்.

நாடகமும் அந்தப் பக்கமிருந்து வந்ததுதான். நம் தாத்தாக்கள் காலத்தில் இங்கே பெண் எடுத்த ஒரு வாத்தியார் கொண்டு வந்தாராம். கதை உனக்குத் தலைகீழாகத் தெரியும். இருந்தாலும் இன்று ஒருமுறை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு ராசா. நல்லவன். தன் ஊர் ஏரி வற்றிவிடக் கூடாது என்று கீழ்நாட்டுக்குத் தண்ணீர் போகும் மடையை அடைக்கச் சொல்கிறான். கீழ்நாட்டில் ஒருத்தியின் பிள்ளை தாகத்தில் சாகிறது. அவள் அரண்மனை வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றுகிறாள். ஒரு நாள் உன் வாயாலேயே நீ மழையைக் கேட்பாய், கேட்ட வாயோடு உன் மூச்சு போகும் என்கிறாள். அப்புறம் வானம் பொய்த்துப்போகிறது. ராசா கேட்டால்தான் மழை, கேட்டால் அவன் உயிர் போகும். மந்திரி தடுக்கிறான், சாமியார் தடுக்கிறார், பெண்டாட்டி காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். கடைசியில் அவன் வறண்ட ஏரிக்குள் இறங்கி நின்று, "வானமே, என் உயிரை எடுத்துக்கொண்டு பெய்" என்று சொல்லி விழுகிறான். மழை கொட்டுகிறது. மங்களம் பாடி முடிக்கிறார்கள்.

பெருமுக்கல் பக்கத்தில் அது மங்களம்தான். நாம் இரண்டு பேரும் சைக்கிளில் போய்ப் பார்த்தோமே. அந்த ஊர் ராசா "பெய்" என்று சொன்னதும் ஜனம் எழுந்து நின்று விசிலடித்தது. ஒரு பெரியவர் தோள்துண்டை மேலே வீசிவிட்டு, அது யார் தலையில் விழுந்ததென்று கடைசிவரை தேடிக்கொண்டிருந்தார். வயலை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிற சனத்துக்கு அப்படித்தான் இருக்கும். நம் ஊருக்கு எப்படி ஒத்துவரும்? மே மாதத்தில் இங்கே உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி உப்பை வாரி வரப்பில் அம்பாரம் போட்டிருப்பார்கள். ஒரு மழை வந்தால் அத்தனையும் கரைந்து வாய்க்காலோடு போய்விடும். பாத்தி மறுபடி காய்ந்து வேலைக்கு வரும்வரை பெண்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், அதுவும் மாதா முன்னால், மழையைப் பெய்யச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அதனால் நம் ஊர் ராசாக்கள் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. "என் உயிரை எடுத்துக்கொண்டு" வரைக்கும் வந்து, வாயைத் திறந்தபடி விழுந்துவிடுவார்கள். கோயில் மணி அடிக்கும். ஜனம் சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும்.

முதல்முறை உனக்கு ராசா வேஷம் கிடைத்தபோது நீ இந்தக் கடையில், இதே ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "வார்த்தையே சொல்லாம ஏன்டா சாவுறான் நம்மூரு ராசா? மாரடைப்பா?" என்றாய். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தைத்துக்கொண்டிருந்த தார்ப்பாயில் ஊசி ஒடிந்தது.

திண்டிவனத்துக்குப் போய்க் கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படித்துவிட்டு வந்து, உப்பளத்தில் மேஸ்திரி வேலை பார்த்த ஆள் நீ. அவ்வளவு படிப்பில் உனக்கு மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை, ட்ராஜடி. பஸ் தவறினாலும் ட்ராஜடி, குழம்பில் உப்புக் குறைந்தாலும் ட்ராஜடி. ஆனால் நாடகம் என்று வந்துவிட்டால் உன் முகமே மாறிவிடும். "கெட்டவன் செத்தா அது நியூஸ்டா. ஒண்ணுமே பண்ணாதவன் செத்தா அது அநியாயம். நல்லவனா இருக்கணும், தப்பையும் அவனே பண்ணியிருக்கணும். அது தப்புன்னு அவனுக்கே தெரியணும், தெரிஞ்சப்புறமும் போவணும். அதான் ட்ராஜடி" என்பாய். பார்க்கிறவனுக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்டேன். "பாவமா இருக்கணும், பயமாவும் இருக்கணும். ரெண்டும் ஒண்ணா வரணும். நம்மூர்ல பயம் மட்டும்தான்டா வருது. அதுவும் ராசாவுக்காக இல்ல, உப்புக்காக." அந்தச் சொல் இல்லாமல் நாடகம் முழுசாகாது என்பது உன் கட்சி. வேஷம் போட்ட முதல் சில வருஷம் நீயும் ஊர் வழக்கப்படி வாயைத் திறந்தபடிதான் விழுந்தாய். விழுந்துவிட்டு வந்து என்னிடம் புலம்புவாய். ஒரு வருஷம் சொல்லியே தீருவது என்று முடிவெடுத்தாய்.

அந்த வருஷத்து ஒத்திகை பள்ளிக்கூடக் கொட்டகையில் நடந்தது. நீ தொண்டை கட்டும்வரை அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தது சுவருக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த அந்தோணியம்மா அக்கா காதில் விழுந்துவிட்டது. உப்பு வாரும் பெண்கள் கூட்டமான ஜோடியில் அவள்தானே தலைவி. கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். "ஏம்பா, வெளயாட்டுக்குக்கூட அத்த சொல்லாத. உனுக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள். ஃபாதர் கூப்பிட்டுத் தன்மையாகச் சொன்னார்: "சொல்றது பாவம் இல்லப்பா. ஆனா ஊருக்கு மனசு சங்கடப்படுதுன்னா விட்டுடலாமே." உன் வீட்டில் ஸ்டெல்லா அண்ணி உனக்குச் சோற்றைப் போட்டபடியே, "உங்க வாய்க்கு நீங்க வேற ஊர்ல பொறந்திருக்கணும்" என்றார். நாடகத்தில் தடுப்பவர்களும் மூன்று பேர்தான் என்று அன்று நமக்கு உறைக்கவில்லை. பிரதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கே உறைக்கவில்லை.

நீ சொன்னாய். மைக் கொஞ்சம் கீச்சிட்டது, சொல் தெளிவாகவே விழுந்தது. திரை ஓரத்திலிருந்து நான் ஜனத்தைப் பார்த்தேன். கத்துவார்கள், எழுந்து போவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. குழந்தையை மடியில் வைத்திருந்தவள், வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவன், முன்வரிசை நாற்காலியில் இருந்த ஃபாதர், எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார்கள். மேடையில் செத்துக் கிடந்த உன்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. இறங்கி வந்ததும் கிரீடத்தைக் கழற்றி என் கையில் கொடுத்து, "பாத்தியாடா, இன்னைக்குத்தான் செத்தேன்" என்றாய். அப்படிச் சந்தோஷமாக உன்னை நான் பார்த்ததில்லை.

திருவிழாக் கொடி இறங்குவதற்குள் மழை வந்துவிட்டது. கோடை மழை எந்த வருஷமும் வருவதுதான். ஆனால் அன்று மேற்கே ஒரு தடவை மின்னியது, பெண்கள் தார்ப்பாயைப் பிரிப்பதற்குள் கொட்டிவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தபோது அம்பாரம் இருந்த இடமெல்லாம் வழவழவென்று ஈர மேடாக இருந்தது. உன்னிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் நீயும் திருப்பித் திட்டியிருப்பாய், கணக்கு முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக உன் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். ஆரம்பித்து வைத்தது அந்தோணியம்மா அக்காதான். நீ வரப்பில் வருவதைப் பார்த்துவிட்டு, "ராசா வர்றாரு, மூடுங்கடி" என்றாள். பெண்கள் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அடுத்த நாள் டீக்கடையிலும் ராசா. ரேஷன் கடை வரிசையிலும் ராசா. கொஞ்ச நாளில் சிரிப்பு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நீ நடந்து போனால் மெய்யாகவே அம்பாரத்தை மூடினார்கள்.

அதற்கப்புறம் நீ வானத்தைப் பார்க்க ஆரம்பித்தாய். முன்பெல்லாம் பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசுகிறவன், என் தலைக்கு மேலே மேற்கே பார்த்துக்கொண்டே பேசினாய். கொஞ்சம் கருத்தால் போதும், தட்டில் சோறு இருக்க எழுந்து ஓடுவாய். உன் பொறுப்பில் இருந்த பாத்தி மட்டுமில்லை, யார் அம்பாரமாக இருந்தாலும் முதல் ஆளாகப் போய்த் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவது நீதான். எனக்கு எரிச்சலாக வந்தது. "நீ சொல்லித்தான் மழ வந்துச்சுன்னு நீயே நம்புறியாடா, படிச்சவன்தான நீ?" என்று ஒருநாள் கத்தினேன். நீ கோபப்படவில்லை. "மழைக்கும் எனக்கும் சம்மந்தம் இல்லன்னு எனக்குத் தெரியும்டா. அவங்களுக்குத் தெரியலயே. தெரியற வரைக்கும் நான்தான ஓடணும்" என்றாய். வேறு யார் சொல்லியிருந்தாலும் வாதம் செய்திருப்பேன். உன் கண்ணைப் பார்த்ததும் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டேன்.

உப்பளத்தில் மரம் கிடையாது, மேடு கிடையாது. நிற்கிற மனுஷன்தான் அங்கே உயரம். இடி இடித்தால் வரப்பைவிட்டு இறங்கிக் குந்திக்கொள்ள வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நீ. நீ போன அந்த ஆடி மாதப் பிற்பகலில் எல்லாரையும் இறங்கச் சொல்லிவிட்டு நீ மட்டும் மேலே நின்றாயாம். அந்தோணியம்மா ஜோடியின் அம்பாரத்தில் தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்து அடித்துக்கொண்டிருந்ததாம். அக்கா வாய்க்காலில் குந்தியபடி கத்தினாளாம். "போனா போவுதுப்பா, வந்துடு! உப்புதான!" நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "இதோ ஆச்சுக்கா" என்றாயாம். மின்னல் அவ்வளவு கிட்டத்தில் விழுந்து அவர்கள் பார்த்ததே இல்லையாம். முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் விழுந்திருக்கிறாய். அந்த அம்பாரம் மட்டும் நனையவில்லை.

ஸ்டெல்லா அண்ணி அழவே இல்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெர்சி பள்ளிக்கூடச் சீருடையோடு அவர் மடியில் கிடந்தாள். அந்தோணியம்மா அக்கா வந்து உன் கால்மாட்டில் விழுந்து ஒப்பாரியை எடுத்தாள். செத்துப்போன ஆம்பளையை என்ன சொல்லி அழுவார்கள் நம் பெண்கள்? அவர்கள் வாயில் இருப்பது ஒரே ஒரு சொல். "என் ராசாவே" என்று ஆரம்பித்தாள். இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்து, அப்படியே நின்றுவிட்டாள். கூடம் முழுக்கப் பெண்கள், ஒருத்தியும் அதை எடுத்துப் பாடவில்லை. அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். ஒப்பாரி இல்லாமல்தான் உன்னைக் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அன்றிலிருந்து நாடகமும் நின்றுபோனது. யாரும் கூடிப் பேசி நிறுத்தவில்லை, அடுத்த வருஷம் யாரும் ஆரம்பிக்கவில்லை.

நீ சொன்ன ட்ராஜடிக் கணக்கை வைத்து உன்னை அளந்து பார்த்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நல்லவன், ஆமாம். தெரிந்தே போனான், ஆமாம். ஆனால் தப்பு? ஒரு சொல்லைச் சொன்னது தப்பா? அங்கேதான் எனக்கு முட்டுகிறது. உன் தப்பு அந்தச் சொல்லில் இல்லை, ஊர் உன்மேல் போட்டதை நீ தோளில் வாங்கிக்கொண்டாயே, அதில்தான் இருக்கிறது என்று சில நாள் தோன்றும். சில நாள் அதைத் தப்பென்று சொல்ல வாய் கூசும். உன்னை எவ்வளவு தேடுகிறேன் என்பது இந்த மாதிரிச் சண்டைக்கு ஆள் கிடைக்காதபோதுதான் தெரிகிறது.

மெர்சி இப்போது செங்கல்பட்டில் நர்ஸ். இந்த வருஷம் திருவிழாக் கூட்டத்துக்கு அவளே வந்து, நாடகம் போடலாம், நான் ராசா என்றாள். பொம்பளைப் பிள்ளையா என்றுகூட ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் வேறு பயம். கூட்டம் முடிந்து அவள் என்னிடம் வந்தாள். "மாமா, நான் அந்த வார்த்தைய சொல்லப் போறேன்." மழை வந்தால் என்ன ஆகும்? அவளையும் ராசா என்பார்கள். அவளும் மேற்கே பார்த்துக்கொண்டு பேச ஆரம்பிப்பாள். இந்தத் தடவை நான் அவள் இஷ்டம் என்று விட்டுவிடவில்லை. நேரே உன் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் முறையிட்டேன், நீங்களாவது சொல்லுங்க என்றேன். அண்ணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அவர் சொன்னதால மழ வரலன்னு நீங்களும் நானும் சொல்லிக்கினே இருக்கலாம். இவ சொல்லாம விட்டா, அவர் சொல்லித்தான் வந்துச்சுன்னு ஆயிடும். நம்ம வூட்டு ஆளே ஒத்துக்கின மாதிரி ஆயிடும்" என்றார். வெளியே வந்தபோது மெர்சி வாசலில் நின்றிருந்தாள். "நான் நின்னுட்டா நீங்க எடுத்துக் குடுப்பீங்கல்ல மாமா?" என்று கேட்டாள். எடுத்துக்கொடுக்கிறவனிடம் கேட்கிற சாதாரணக் கேள்விதான். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

நீ போனதிலிருந்து அந்தச் சொல் என் வாயில் வந்ததில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதில்லை, மழை வருது என்பதோடு சரி. கோயில் பாட்டில் அந்தச் சொல் வந்தால்கூட உதட்டை மூடிக்கொள்வேன்.

இந்த வாரம் கடையில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் போல. திங்கட்கிழமை ஒருத்தி கிழிந்த தார்ப்பாயைக் கொண்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை கடை வாசலில் கால் வைக்க இடமில்லை. வழக்கமாக மேற்கே இடி கேட்டால்தான் என் கடை ஞாபகம் வரும் இவர்களுக்கு. வெயில் மண்டையைப் பிளக்கிறபோது எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டால் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கடைசியாக நேற்று அந்தோணியம்மா அக்கா வந்தாள். முதுகு கூனிவிட்டது. மடித்துக் கொண்டு வந்த தார்ப்பாயை அந்த ஸ்டூலில் வைத்தாள். பிரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, ஒரு முனையில் இன்னும் அவிழ்க்காத முடிச்சு. உன் முடிச்சு. "அத்த மட்டும் அவுத்துடாதப்பா. கிழிஞ்ச எடத்த மட்டும் தை" என்றாள். முடிச்சைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "நாளைக்குள்ள வேணும். எல்லாத்தயும் மூடிட்டு வந்து குந்திக்கிறோம். பொண்ணு முழுசா சொல்லட்டும்" என்றாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு தைத்தேன்.

இன்று பூசை முடிந்து ரோட்டோரம் நின்று பார்த்தேன். உப்பளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு அம்பாரம்கூட வெள்ளையாகத் தெரியவில்லை. எல்லாம் நீலமும் கறுப்புமாக இழுத்துக் கட்டிக் கிடக்கிறது. மழைக்குப் பயந்து மூடினார்களா, உன் பெண் நல்லபடியாகச் சொல்லி முடிக்கட்டும் என்று மூடினார்களா? பாவம், பயம், இரண்டும் ஒன்றாக வரணும் என்பாயே, வந்துவிட்டதடா. பார்க்க நீதான் இல்லை.

கிரீடத்தை ஒருவழியாகத் தைத்துவிட்டேன். பழைய துணியைப் பிரிக்கவில்லை. அதன்மேல் புதுத் துணியை வைத்துப் பிடித்திருக்கிறேன், அளவு சரியாகிவிடும். உன் உப்பு உள்ளேயே இருக்கட்டும்.

பெருமுக்கல் மலை இருக்கும் திசையில் இப்போது நன்றாகவே கருத்திருக்கிறது. பார்க்காமல் இருப்பதாக நடிப்பதை நிறுத்திவிட்டேன். வந்தாலும் வரும், கலைந்தாலும் கலையும். மெர்சி மேடையில் நின்றுவிட்டால் அந்தச் சொல்லை நான்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் கேட்காமலிருக்க மிஷினை வெறுமனே மிதித்தபடி, சொல்லிப் பார்த்தேன். உதடு சேர்ந்து பிரிந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி மிதித்தேன். இப்போது வந்தது, கரகரவென்று, உன் குரல் மாதிரி. காலை எடுத்து மிஷினை நிறுத்திவிட்டு, சத்தமில்லாத கடையில் இன்னொரு தடவை சொன்னேன்.